டியூபா, டயோடா: கிட்டார் ஆம்பில் டிஸ்டார்ஷன் எங்கே பிறக்கிறது?

2022 மார்ச்சில், யுக்ரேன் போர் தொடங்கிய சில வாரங்களில், ரஷ்யாவின் சரடோவ் ஆலையில் தயாராகும் டியூப்கள் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள்) இனி சில காலம் வெளிநாடுகளுக்கு வராது என்ற செய்தி பரவியது. கிட்டார் ஆம்புக்கான (கிட்டாரின் ஓசையைப் பெருக்கும் கருவி) புது டியூப்கள் இன்று பெரும்பாலும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா என்ற மூன்று நாடுகளிலிருந்துதான் வருகின்றன. அதனால் விலை ஏறியது, கடைகளில் கையிருப்பு தீர்ந்தது. பிறகு சரக்கு மறுபடி வரத் தொடங்கியது. ஆனால் அப்போது கிளம்பிய கேள்வி இன்னும் அடங்கவில்லை. டியூப் இல்லாமல் அந்த டிஸ்டார்ஷன் ஓசை வரவே வராதா?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் இது: டியூப் இரட்டைப்படை ஹார்மானிக்ஸைத் (ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் அதன் மடங்கு அதிர்வெண்கள்) தரும், அதனால் காதுக்கு இனிமை; டியூபின் வேலையைச் செய்யும் சிறு உறுப்பான ட்ரான்சிஸ்டர் ஒற்றைப்படை ஹார்மானிக்ஸைத் தரும், அதனால் கரகரப்பு. இந்தப் பதில் பாதி தவறு. மீதிப் பாதியும் பெருக்கும் கட்டம் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பொருந்துகிற உண்மை. ஆம்பின் ஓசையைத் தீர்மானிப்பது எந்த உறுப்பு என்பது மட்டும் அல்ல. அந்த உறுப்பு எந்த சர்க்யூட்டில், எதற்கு முன், எதற்குப் பின் இருக்கிறது என்பதுதான் பெரும்பங்கு வகிக்கிறது.

க்ளிப்பிங் என்றால் என்ன

தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கிட்டார் பிக்கப் தரும் சிக்னல் மிகச் சிறியது. சில நூறு மில்லிவோல்ட், ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட் வரை போகலாம். இதைப் பெருக்கும் முதல் பகுதிதான் ப்ரீஆம்ப். ஸ்பீக்கரை ஆட்டும் அளவுக்கு ஆற்றல் கொடுக்கும் பின்பகுதி பவர் ஆம்ப். எந்தப் பெருக்கிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. தனக்குக் கிடைக்கும் சப்ளை வோல்டேஜைத் தாண்டி அதனால் சிக்னலைக் கொடுக்க முடியாது. வரம்பை மீறும்போது அலையின் தலை வெட்டுப்படுகிறது. அதுதான் க்ளிப்பிங். கிட்டார்க்காரர்கள் டிஸ்டார்ஷன், ஓவர்ட்ரைவ், ஃபஸ் என்று பல பெயரில் அழைப்பது எல்லாமே இதன் வகைகள்தான்.

அலையின் வடிவம் மாறினால், மூலத்தில் இல்லாத புது அதிர்வெண்கள் சேரும். ஒரே ஸ்வரத்தை வாசித்தால் அவை அந்த ஸ்வரத்தின் மடங்குகளாக வரும். இவைதான் ஹார்மானிக்ஸ். 110 ஹெர்ட்ஸை ஆதார ஷட்ஜமாக வைத்துப் பார்க்கலாம்:

1. இரண்டாவது ஹார்மானிக் 220 ஹெர்ட்ஸ். மேல் ஸ்தாயி ஷட்ஜம்.
2. மூன்றாவது 330. அதற்கு மேலுள்ள பஞ்சமம்.
3. நான்காவது 440. மறுபடி ஷட்ஜம்.
4. ஐந்தாவது 550. அந்தர காந்தாரம். நன்றாகச் சுருதி கூட்டிய தம்புராவில், யாரும் மீட்டாமலே கேட்கும் அதே காந்தாரம்.
5. ஏழாவது 770. கைசிகி நிஷாதத்துக்குப் பக்கத்தில் வரும், ஆனால் கிட்டார் ஃப்ரெட்டில் (மெட்டில்) உள்ள எந்த ஸ்வரத்தோடும் பொருந்தாது.

பட்டியலைப் பார்த்தாலே ஒன்று தெரியும். ஒற்றைப்படை என்றாலே கரகரப்பு என்பது சரியில்லை. மூன்றாவது பஞ்சமம், ஐந்தாவது காந்தாரம். இரண்டுமே இனிய ஸ்வரங்கள். காதைக் குத்துவது ஏழு, ஒன்பது, பதினொன்று என்று மேலே போகும் ஹார்மானிக்ஸ் வலுவாக இருப்பதுதான். அவை எவ்வளவு வலுவாக இருக்கும் என்பது வேறொன்றைப் பொறுத்தது.

எந்த ஹார்மானிக் வரும் என்பதற்கு உள்ள விதி எளிது. அலையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே மாதிரி வெட்டுப்பட்டால் ஒற்றைப்படை மட்டுமே வரும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வெட்டுப்பட்டால் இரட்டைப்படையும் சேரும். இந்த விதி கணிதம். வெட்டுவது கண்ணாடி டியூபா சிலிக்கன் துண்டா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. இரண்டாவது காரணி, வெட்டு தொடங்கும் இடம் எப்படி வளைகிறது என்பது. மெல்ல வளைந்தால் மேல் ஹார்மானிக்ஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும். கத்தியால் நறுக்கியது போல் மூலை விழுந்தால் அவை வெகுதூரம் நீளும். காது மென்மை, கடுமை என்று பிரித்துக் கேட்பதில் பெரும்பகுதி இந்த மூலையின் வடிவம்தான்.

ஒற்றை, இரட்டைக் கதை எங்கிருந்து வந்தது

1973 மே மாதம் ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழில் ரஸ்ஸல் ஹாம் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் மைக்ரோஃபோன் ப்ரீஆம்ப்களை வரம்புக்கு மேல் தள்ளி, டியூபும் ட்ரான்சிஸ்டரும் எப்படி நடந்துகொள்கின்றன என்று அளந்தார். டிரையோடு (கேதோடு, கிரிட், பிளேட் என்ற மூன்று உறுப்பு உள்ள) டியூபில் இரண்டாவது ஹார்மானிக்கும் ட்ரான்சிஸ்டரில் மூன்றாவதும் மேலோங்கியதாக அவர் காட்டினார். டியூப் பற்றிய எல்லா விவாதத்திலும் இன்றும் சுற்றிவரும் கருத்துக்கு முக்கிய வேர் இதுவே.

அவர் அளந்ததில் பிழை சொல்ல எதுவும் இல்லை. பிழை அதை அப்படியே கிட்டார் ஆம்புக்குத் தூக்கிவந்ததில்தான். மைக் ப்ரீஆம்பில் பாடகர் உரக்கப் பாடும் ஒரு கணத்தில், ஓரிரு கட்டங்கள் கொஞ்சம் வரம்பு மீறும். கிட்டார் ஆம்பிலோ அடுத்தடுத்து மூன்று நான்கு கட்டங்கள் வேண்டுமென்றே, வரம்புக்குப் பல மடங்கு மேலே, நிமிடக் கணக்கில் தள்ளப்படுகின்றன. அங்கே கதை மாறிவிடுகிறது.

டியூபுக்குள் நடப்பது

ப்ரீஆம்பில் கிட்டத்தட்ட எங்கும் இருப்பது 12ஏஎக்ஸ்7. ஐரோப்பியப் பெயர் ஈசிசி83. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள். சூடான கேதோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் பிளேட்டுக்குப் போகின்றன, நடுவில் உள்ள கிரிட் அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. வழக்கமான கட்டத்தில் சப்ளை 250 முதல் 300 வோல்ட் வரை, பிளேட்டில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். அப்போது சிக்னல் ஏறத்தாழ 50, 60 மடங்கு பெருகும்.

இந்தக் கட்டத்துக்கு இரண்டு வரம்புகள், இரண்டும் வேறு வேறு மாதிரி. கிரிட் மிகவும் நெகட்டிவ் ஆகும்போது ஓட்டம் நின்றுபோகும். ஆனால் திடீரென்று நிற்காமல் தேய்ந்து தேய்ந்து நிற்கும். மறுபுறம் கிரிட் கேதோடைவிடப் பாசிட்டிவ் ஆனால், கிரிட்டே எலெக்ட்ரான்களை இழுக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் கிரிட்டும் கேதோடும் சேர்ந்து, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடாகவே வேலை செய்கின்றன! முந்தைய கட்டத்தால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது, சிக்னலின் தலை அமுங்கிவிடும். டயோடு க்ளிப்பிங் என்பது டியூபுக்கு அந்நியமான ஒன்று என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால், ஒரே ஒரு டிரையோடு கட்டத்தை மிதமாகத் தள்ளினால் இரண்டாவது ஹார்மானிக் மேலோங்கும். இதுதான் அந்தப் பாதி உண்மை.

இனி மார்ஷல் 2203 ஆம்பை எடுத்துக்கொள்வோம். 1975-ல் வந்தது, 1981 முதல் ஜேசிஎம்800 என்ற பெயரில் விற்றது. ராக், மெட்டல் இசையின் டியூப் ஓசைக்கு உதாரணம் கேட்டால் பலர் இதையே காட்டுவார்கள். இதில் கிட்டார் சிக்னல் முதல் டிரையோடில் பெருகி, இரண்டாவதுக்குப் போகிறது. அந்த இரண்டாவதில் கேதோடு ரெசிஸ்டர் 10 கிலோ ஓம், வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம். விளைவு, டியூப் எப்போதும் நின்றுபோகும் எல்லைக்கு அருகிலேயே இயங்குகிறது, அலையின் ஒரு பாதி சீக்கிரமே வெட்டுப்படுகிறது. ஆம்ப் கட்டுபவர்கள் இதை ‘கோல்ட் க்ளிப்பர்’ என்கிறார்கள். அப்புறம் மூன்றாவது டிரையோடு.

ஒவ்வொரு டிரையோடும் அலையைத் தலைகீழாக்கித்தான் அடுத்ததற்குத் தரும். அதனால் ஒரு கட்டத்தில் வெட்டுப்பட்ட பக்கம் அடுத்ததில் எதிர்ப்பக்கமாக வரும், அங்கே மறுபாதி வெட்டுப்படும். கெயினை (பெருக்கத்தின் அளவை) நன்றாக ஏற்றிவைத்தால் கடைசியில் வெளிவருவது இருபுறமும் வெட்டுப்பட்ட, சதுர அலைக்கு நெருங்கிய வடிவம். அதாவது ஒற்றைப்படை ஹார்மானிக்ஸ் நிறைந்தது. பவர் ஆம்பிலும் இதே நிலைதான். இரண்டு பக்கமும் மாறி மாறி இழுக்கும் புஷ்-புல் அமைப்பு, தனக்குள் உண்டாகும் இரட்டைப்படை ஹார்மானிக்ஸை ஒன்றுக்கொன்று ரத்து செய்துவிடும். ஆக, நாம் கொண்டாடும் டியூப் ஓசைகளில் பல ஒற்றைப்படை மேலோங்கியவை.

காலப்போக்கில் மாறும் ஓசை

என் கணிப்பில் டியூப் ப்ரீஆம்பின் உண்மையான தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. ஹார்மானிக் பட்டியலில் இது தெரியாது, ஏனென்றால் அந்தப் பட்டியல் நிலையான ஒரு ஸ்வரத்தை வைத்து எடுத்தது. கிட்டார் ஸ்வரம் நிலையாக இருப்பதில்லை. பிக் (தந்தியை மீட்டும் வில்லை) பட்டதும் உச்சத்துக்குப் போய்த் தேய்கிறது.

இரண்டு டியூப் கட்டங்களுக்கு நடுவே சார்ஜைச் சேர்த்துவைக்கும் ஒரு கெபாசிட்டர் இருக்கும். 0.022 மைக்ரோஃபாரட் என்பது மார்ஷலில் வழக்கமான மதிப்பு. அடுத்த டியூபின் கிரிட்டிலிருந்து தரைக்கு ஒரு ரெசிஸ்டர் போகும். அது 1 மெகா ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓங்கி அடித்ததும் கிரிட் பாசிட்டிவ் ஆகி எலெக்ட்ரான்களை இழுக்கும்போது அந்தக் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிறது. முந்தைய கட்டத்தின் வழியாக இது ஏறத்தாழ 1 மில்லிசெகண்டில் நடந்துவிடும். ஆனால் சார்ஜ் வெளியேற ஒரே வழி அந்த 1 மெகா ஓம்தான். அதற்கு ஏறத்தாழ 22 மில்லிசெகண்ட் பிடிக்கும். 110 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் ஒரு சுற்றுக்கே 9 மில்லிசெகண்ட் என்பதால், முந்தைய சுற்றின் சார்ஜ் வடியும் முன்பே அடுத்த சுற்று வந்துவிடுகிறது.

கிரிட்டின் நிலை இப்படி நெகட்டிவ் பக்கம் நகர நகர, அலை வெட்டுப்படும் இடமும் நகர்கிறது. மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் உள்ள விகிதம் மாறுகிறது. எனவே இரட்டைப்படை ஹார்மானிக்ஸ் பிக் பட்ட கணத்தில் ஓர் அளவு, ஸ்வரம் தேயும்போது வேறோர் அளவு. ஒரே ஸ்வரத்துக்குள் நிறம் மாறுகிறது. வாசிப்பவர்கள் ‘கைக்கு மசிகிறது’ என்று சொல்வதில் ஒரு நல்ல பங்கு இது. அளவு மீறினால் இதுவே கோளாறு: சார்ஜ் அதிகமாகி டியூப் சற்று நேரம் அடைத்துக்கொள்ளும், ஓசை விட்டு விட்டு வரும். அதைத் தடுக்கவே கிரிட்டுக்கு முன்னால் 470 கிலோ ஓம் போன்ற பெரிய ரெசிஸ்டரை வைக்கிறார்கள்.

அந்த ரெசிஸ்டர் இன்னொரு வேலையையும் செய்கிறது. டியூபின் பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் இடையே மிகச்சிறு கெபாசிட்டன்ஸ் உண்டு, 12ஏஎக்ஸ்7-ல் ஏறத்தாழ 1.7 பிகோஃபாரட். டியூப் பெருக்குவதால் அது கிரிட் பக்கம் 100 பிகோஃபாரட் அளவுக்குப் பெருத்துத் தெரியும். 470 கிலோ ஓமோடு சேரும்போது ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கூர்மை குறையத் தொடங்குகிறது. டியூபின் ‘வெதுவெதுப்பு’ என்று எழுதப்படுவதில் கொஞ்சம் இந்தச் சாதாரண வடிகட்டலே.

சாலிட் ஸ்டேட் ஒரே வகை அல்ல

டியூப் இல்லாமல் ட்ரான்சிஸ்டர், டயோடு போன்றவற்றால் ஆனதைக் குறிக்கும் சாலிட் ஸ்டேட் என்ற பெயருக்குள் குணத்தில் மாறுபட்ட பல வகைகள் உண்டு.

1. ஆப்-ஆம்ப் தன் சப்ளை வரம்பில் மோதுவது. ஆப்-ஆம்ப் (பல ட்ரான்சிஸ்டர்கள் ஒன்றாகச் சேர்ந்த பெருக்கிச் சிப்) வலுவான நெகட்டிவ் ஃபீட்பேக்கோடு இயங்குவது. அதாவது வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுத் தன் தவறைத் தானே திருத்திக்கொண்டே இருக்கும். வரம்பு வரை அலை பிசகே இல்லாமல் இருக்கும். வரம்பைத் தொட்டதும் திருத்த வழியில்லாமல் சட்டென்று வெட்டுப்படும். ட்ரான்சிஸ்டருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்த கூரான மூலை இதுதான். குற்றம் சிலிக்கன் மேல் அல்ல, ஃபீட்பேக் அமைப்பு மேல்.

2. சிக்னலிலிருந்து தரைக்கு டயோடுகள். புரோ கோ ரேட் பெடல் (காலால் இயக்கும் டிஸ்டார்ஷன் பெட்டி) இந்த வகை. சிலிக்கன் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் கடத்தத் தொடங்கி, அதற்கு மேல் சிக்னலை விடாது. ஜெர்மேனியம் என்றால் 0.3 வோல்ட்டுக்கு அருகில், மூலை இன்னும் மென்மை.

3. ஃபீட்பேக் பாதையில் டயோடுகள். பெயரில் மட்டும் டியூப் உள்ள ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடல் புகழ்பெற்ற உதாரணம். டயோடுகள் கடத்தும்போது பெருக்கம் குறையுமே தவிர, ஒன்றுக்குக் கீழே போகாது. வெட்டுப்பட்ட அலையோடு மூல சிக்னலும் சேர்ந்தே வெளிவருகிறது, அதனால் தலை முழுத் தட்டையாவதில்லை. 1977-ல் வந்த பாஸ் நிறுவனத்தின் ஓடி-1 பெடல் ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறுபக்கம் ஒன்று என்று வைத்தது. சமமில்லாத வெட்டு, எனவே இரட்டைப்படை ஹார்மானிக்ஸ். ஒரு டியூப்கூட இல்லாமல்!

4. ஜேஃபெட். இந்த வகை ட்ரான்சிஸ்டரின் வளைவு டிரையோடோடு ஓரளவு ஒத்தது, இயல்பாகவே இரண்டாவது ஹார்மானிக்கைத் தரும்.

பீவி நிறுவனத்தின் ட்ரான்ஸ்டியூப் ஆம்ப் வரிசை, டியூபின் நடத்தையையே ட்ரான்சிஸ்டரில் வரவழைக்க முயன்றது. இன்னொரு பக்கம், பான்டெரா என்ற மெட்டல் குழுவின் கிட்டார்க்காரர் டைம்பேக் டாரல் புகழ்பெற்றதே ராண்டல் சாலிட் ஸ்டேட் ஆம்பின் கூரான ஓசையால். அவருக்கு வேண்டியது அந்த மூலைதான்.

டியூப் ஆம்புக்குள் டயோடு

குழப்பம் அதிகமாவது இங்கே. மார்ஷல் 1990-ல் கொண்டுவந்த ஜேசிஎம்900 டூயல் ரிவெர்ப் மாடலில் ஈசிசி83 உண்டு, பவர் ஆம்பும் டியூப். ஆனால் கெயினை ஏற்றினால் பெரும்பாலும் வெட்டுவது டயோடுகள். ஜேசிஎம்800 வரிசையிலேயே இரண்டு சேனல் கொண்ட 2205, 2210 மாடல்களிலும், 1987-ன் சில்வர் ஜூபிலியிலும் டயோடு உண்டு. அந்த ஜூபிலியின் மறுபதிப்பையே 1996-ல் கிட்டார்க்காரர் ஸ்லாஷ் பெயரில் மார்ஷல் வெளியிட்டது. அதை வாங்கியவர்கள் டியூப் ஓசை என்றே ரசித்தார்கள். ரசனையில் தவறே இல்லை. லேபிளை வைத்துச் சொல்லப்பட்ட காரணம்தான் தவறு.

இதற்கு எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. மலிவான சில கருவிகளில் டியூபுக்குச் சில பத்து வோல்ட்தான் கிடைக்கும். சிலவற்றில் பின்னாலிருந்து எல்இடி வெளிச்சம் போட்டு டியூப் ஜொலிப்பது போல் காட்டுவார்கள். வோல்டேஜ் குறைந்த டியூபும் ஒரு வகை ஓசை தரும், ஆனால் 300 வோல்ட்டில் இயங்கும் கட்டத்தின் ஓசை அது அல்ல.

இரண்டு ஸ்வரம் சேரும்போது

ஒரே ஸ்வரத்துக்கு ஹார்மானிக்ஸ் மட்டும்தான் வரும். இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாகக் க்ளிப் ஆனால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புது அதிர்வெண்களாகப் பிறக்கும்.

ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பவர் கார்டில் 110-ம் அதன் பஞ்சமம் 165-ம் இருப்பதாகக் கொள்வோம். கழித்தால் 55, கூட்டினால் 275. இவை சமமில்லாத வெட்டில் வருபவை. சமமான வெட்டில் 2 × 110 − 165 = 55, 2 × 165 − 110 = 220. எல்லாமே 55-ன் மடங்குகள். கிட்டாரில் யாரும் வாசிக்காத கீழ் ஸ்தாயி ஷட்ஜம் கேட்கிறது. பவர் கார்டு டிஸ்டார்ஷனில் அத்தனை கனமாக ஒலிப்பது இதனால்தான்.

இப்போது ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்த மேஜர் கார்டு. ஃப்ரெட்டின் காந்தாரம் சுத்த விகிதப்படி 137.5 அல்ல, 138.59. 2 × 138.59 − 110 = 167.18. கார்டிலேயே இருக்கும் பஞ்சமம் 164.81. இரண்டும் ஒன்றோடொன்று மோதி நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் ஏறி இறங்கும். இப்படிப் பல ஜோடிகள் சேர்ந்தால் ஓசை தெளிவில்லாத சேறு. டியூப் ஆனாலும் டயோடு ஆனாலும் இது தப்பாது.

தப்பிக்க உதவுவது க்ளிப்பிங்குக்கு முன்னால் கீழ் அதிர்வெண்களைக் குறைப்பது. டியூப் ஸ்க்ரீமரில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் குறைந்துகொண்டே போகும். 2203-ல் கட்டங்களுக்கு நடுவே 470 பிகோஃபாரட் கெபாசிட்டர் அதே வேலையைச் செய்கிறது. இந்த வடிகட்டலைச் சரியாகச் செய்த டயோடு சர்க்யூட், செய்யாத டியூப் சர்க்யூட்டைவிடத் தெளிவாக ஒலிக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. டியூப் எத்தனை என்று எண்ணுவதைவிட, கெயின் ஏறும்போது எது வெட்டுகிறது என்று கேளுங்கள். பல ஆம்ப்களின் சர்க்யூட் படம் இணையத்தில் கிடைக்கும். கெயின் கன்ட்ரோலுக்குப் பக்கத்தில் எதிரெதிராக இரண்டு டயோடு தெரிந்தால் பதில் கிடைத்துவிட்டது.

2. கிட்டாரின் வால்யூமைப் பாதியாகக் குறைத்து வாசித்துப் பாருங்கள். ஓசை படிப்படியாகத் தெளிந்தால் வெட்டு மென்மையானது. நடுவில் ஓரிடத்தில் சட்டென்று மாறினால் மூலை கூரானது.

3. இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்குங்கள். கொஞ்சம் உரத்து ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும்.

4. ஒரே ஸ்பீக்கரில் ஒப்பிடுங்கள். செலஸ்டியன் ஜி12எம் போன்ற கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் தராது, கூரான வெட்டின் மேல் ஹார்மானிக்ஸை அதுவே வடிகட்டிவிடும். பெடலை நேரே மிக்சரில் செருகினால் இந்த வடிகட்டி இல்லை. டியூப் ப்ரீஆம்பைச் செருகினாலும் இரைச்சலாகத்தான் வரும். அங்கே தேவைப்படுவது வேறு டியூப் அல்ல, ஸ்பீக்கர் பெட்டியின் வடிகட்டலைப் போலச் செய்யும் கேபினட் சிமுலேட்டர்.